ஐந்தருவி மேலே நண்பர்களோடு குட்டி விமானத்தில் பறக்கலாமா? தடுப்பது சட்டமா, காசா, காற்றா?

சீசன் நேரத்து சனிக்கிழமை. ஐந்தருவியில் குளிக்க வரிசை நீள்கிறது. வரிசையில் நிற்பவர்கள் கையில் செல்போன். அதில் ஓடும் ரீல்ஸில், வெளிநாட்டில் எங்கோ இரண்டு நண்பர்கள் 70, 80 வருடப் பழைய குட்டி விமானம் ஒன்றைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள். புரொப்பல்லரைக் கையால் சுற்றுகிறார்கள், ஏறி உட்கார்கிறார்கள், மலைக்கு மேலே ஒரு ரவுண்டு போய்விட்டு சாயங்கால டீக்கு வீடு திரும்புகிறார்கள்.

‘நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?’ என்ற கேள்வி அப்போதே வந்துவிடும். கூடவே ‘கவர்ன்மென்ட் விடாது’ என்ற பதிலும். அந்தப் பதில் பாதிதான் சரி. பைக், ட்ரெக்கிங், ஸ்கூபா வரை வந்துவிட்ட நம் வார இறுதிகளில் பறப்பது மட்டும் ஏன் சேரவில்லை? குற்றாலத்தையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

சட்டம் தடுக்கிறதா?

இல்லை. பொழுதுபோக்குக்காகப் பறக்க இந்தியாவில் தடை கிடையாது. அதற்கென்றே தனியார் பைலட் உரிமம், அதாவது பிபிஎல் இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இதைத் தருகிறது. வயது 17 முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. விமான ரேடியோவில் பேச இன்னொரு உரிமமும் வேண்டும்.

1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை வழங்கிவந்த ரேடியோ உரிமத்தை டிஜிசிஏ கீழ் கொண்டுவந்தது இந்தச் சட்டம். பைலட் ஆக விரும்புபவருக்கு ஓர் அலுவலகப் படி குறைந்தது.

ஏர்லைன் வேலைக்கான உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 40 மணி நேரம் சின்னதுதான். ஒரு முக்கிய நிபந்தனை: பிபிஎல் வைத்திருப்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது. நண்பர்களைக் கூட்டிப்போகலாம், டிக்கெட் போட முடியாது. அமெரிக்காவில் எரிபொருள், வாடகை போன்ற நேரடிச் செலவைப் பயணிகளோடு சமமாகப் பங்குபோட்டுக்கொள்ள விதி வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பைலட் தன் பங்கைக் கட்டாயம் போட வேண்டும், அவ்வளவுதான். அங்கே பத்து, இருபது பேர் சேர்ந்து ஒரே விமானத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்வதும் சாதாரணம்.

செலவு எவ்வளவு ஆகும்?

பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேரக் கட்டணம் ஐந்து இலக்கத்தில்தான் இருக்கும். கணக்குக்காக மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, 40 மணி நேரத்துக்கு 6 லட்சம். தேர்வு, மருத்துவச் சோதனை, வெளியூரில் தங்கும் செலவு தனி. ஒரு காரின் விலை போய்விடும்.

எரிபொருளும் ஒரு காரணம். பெரிய விமானங்களுக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஏடிஎஃப். பிஸ்டன் இன்ஜின் வைத்த குட்டி விமானங்களுக்கு வேண்டியது ஏவி-காஸ் என்ற தனிவகை பெட்ரோல். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வடோதரா ஆலைத் தயாரிப்பை அறிமுகப்படுத்தும் வரை நாடு இதற்கு இறக்குமதியைத்தான் நம்பியிருந்தது. இப்போதும் இது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்கும் சரக்கு அல்ல.

பழைய விமானம் என்றால் ஓட்டை விமானமா?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்பட்ட செஸ்னா 152 ரக விமானத்தின் தயாரிப்பு 1980-களிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று பறக்கும் ஒவ்வொரு 152-ம் ஓட்டுகிற மாணவரைவிட வயதில் மூத்தது.

விமானத்தின் ‘வயசை’ பிறந்த வருடத்தை வைத்து மட்டும் கணக்கிடுவதில்லை. எத்தனை மணி நேரம் பறந்தது, இன்ஜினை எப்போது முழுசாகப் பிரித்து மாட்டினார்கள், உதிரிபாகம் அசலா, பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. 50 மணி, 100 மணி என்று பறந்த நேரத்துக்கு ஏற்பப் பரிசோதனை வரும். பராமரித்த 1950-களின் விமானம், பராமரிக்காத புது விமானத்தைவிட நம்பகமானது.

இந்தியாவுக்கே சொந்தமான ஒரு பழைய குட்டி விமானமும் உண்டு. பெயர் ‘புஷ்பக்’. பெங்களூரு ஹெச்ஏஎல் தயாரிப்பு. முதலில் பறந்தது 1958-ல். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். 90 குதிரைத்திறன் இன்ஜின், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு. 150-க்கு மேல் தயாரித்து நாடு முழுவதும் உள்ள ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை பைலட்டுகள் இதில்தான் பறக்கக் கற்றார்கள்.

அதற்கும் மூத்தது, 1931-ல் பிரிட்டனில் வந்த ‘டைகர் மாத்’. இரட்டைச் சிறகு, திறந்த காக்பிட். இந்திய விமானப்படை தன் பழைய டைகர் மாத் ஒன்றைச் சீர்செய்து, 2012 விமானப்படை தினத்தில் டெல்லி அருகே ஹிண்டனில் பறக்கவிட்டது. ஆனால் அது படையின் பாரம்பரியச் சொத்து. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்றை வாங்கி, பழுதுபார்த்து, பறக்கும் வழக்கம் இங்கே வளரவில்லை.

முன்பு யாரும் இப்படிப் பறக்கவில்லையா?

பறந்தார்கள். இந்தியாவில் விமானப் பயணமே பொழுதுபோக்கில் இருந்துதான் முளைத்தது.

1920-களின் கடைசியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி என ஃப்ளையிங் கிளப்புகள் தொடங்கின. அடுத்து மெட்ராஸ். 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் பைலட் உரிமத்தை வாங்கிய ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் கிளப்பில் ஆசைக்குப் பறக்கக் கற்றவர்தான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ‘புஸ் மாத்’ என்ற குட்டி விமானத்தில் அவர் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அதை மெட்ராஸ் வரை ஓட்டிவந்தவர் அவருடைய நண்பரும் கூட்டாளியுமான நெவில் வின்சென்ட். இரண்டு பறப்புப் பைத்தியங்களின் நட்புதான் பின்னாளில் ஏர் இந்தியாவானது. சரியாக 50 வருடம் கழித்து, 1982-ல், 78 வயதில், ஜே.ஆர்.டி. ‘லெபர்ட் மாத்’ என்ற பழைய விமானத்தில் அதே பயணத்தைத் திரும்பவும் செய்தார்.

சென்னைக்கும் ஒரு கதை உண்டு. 1951-ல் உஷா சுந்தரமும் அவர் கணவர் கேப்டன் வி.சுந்தரமும் டி ஹாவிலண்ட் டவ் விமானத்தில் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சாதனை படைத்தார்கள். சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியதும் இந்த சுந்தரம்தான்.

குற்றாலத்துக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பெயர், திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜா. கேரளத்தில் ‘ஜி.வி.ராஜா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். திருவனந்தபுரத்தில் ஃப்ளையிங் கிளப்பும் விமானத்தளமும் வரக் காரணமானவர். 1935-ல் டாடாவின் விமானம் அங்கே வந்து இறங்கியது. குற்றாலத்துக்கு அடுத்த ஊரான செங்கோட்டை அப்போது அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது. தமிழகத்தோடு சேர்ந்தது 1956-ல். அந்த ஜி.வி.ராஜா 1971-ல், இமயமலையின் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அனுபவசாலிக்கும் மலை சலுகை தருவதில்லை.

இன்று? மீனம்பாக்கம் சர்வதேச விமான நிலையமாக வளர வளர, கிளப் விமானங்களுக்கான நேரமும் இடமும் சுருங்கின. நாடு முழுக்கப் பல கிளப்புகள் வேலைக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சிப் பள்ளிகளாக மாறின. பறப்பது ஆசையாக இருந்த காலம் போய், லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கும் கோர்ஸ் ஆகிவிட்டது.

விதிவிலக்குகள் உண்டு. மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட்டும் தோழி கீதேர் மிஸ்கிட்டாவும் 2018-ல் ஒரு குட்டி விமானத்தில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 2019-ல் அதே விமானத்தில் ஆரோஹி தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். அப்போது வயது 23.

சரி, லைசென்ஸ் எடுத்தாச்சு. எங்கிருந்து கிளம்புவது?

தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நேர்கோட்டில் அளந்தால் திருவனந்தபுரம் 60 கி.மீ. சொச்சம், ஆனால் நடுவே மலை. தூத்துக்குடி வாகைக்குளம் 90 கி.மீ.க்குச் சற்று உள்ளே. இரண்டுமே பயணிகள் விமானம் வந்துபோகும் இடங்கள்.

கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குற்றாலம் நேர்கோட்டில் ஏறக்குறைய 55 கி.மீ. புஷ்பக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது இயங்கும் தளம் அல்ல. கோவில்பட்டி அருகே இருக்கும் ஓடுதளத்தில் பைலட் பயிற்சி நிலையம் கொண்டுவர தமிழக அரசின் டிட்கோ முயற்சி எடுத்துவருகிறது. அது நடந்தால், தென் மாவட்டத்துப் பிள்ளைகள் பறக்கக் கற்க வெளிமாநிலம் போக வேண்டியிருக்காது. அங்கே வார இறுதிப் பைலட்டுகளுக்கும் இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

கிளம்பும் முன் பேப்பர் வேலையும் உண்டு. பறப்புத் திட்டம் தாக்கல் செய்ய வேண்டும். விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் என்று இந்தப் பகுதியில் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடங்கள் அதிகம். ‘சும்மா ஒரு ரவுண்டு’ என்பதற்கு வானத்தில் இடமில்லை.

எல்லாம் சரியாக இருந்தாலும்... காற்று?

உண்மையான சிக்கல் இதுதான். குற்றாலத்தைக் குற்றாலமாக்கும் அதே காற்றுதான் குட்டி விமானத்துக்கு எதிரி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி மழையைக் கொட்டுகிறது. ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரத்தோடு இந்தப் பக்கம் புகுந்து வருவதுதான் சாரல். அகலமான ஆறு குறுகிய மதகில் பாயும்போது வேகம் கூடுமே, அதே மாதிரி கணவாயில் காற்றின் வேகம் கூடும். சுரண்டை, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை.

பைலட்டுக்கு இதில் நான்கு ஆபத்துகள்.

முதலாவது, மலையின் மறுபக்கச் சுழல். காற்று மலையைத் தாண்டியதும் கீழ்நோக்கி இறங்கும், உருளும், புரளும். சீசனில் குற்றாலம் இருப்பது சரியாக அந்த மறுபக்கத்தில். 90 குதிரைத்திறன் இன்ஜின் மேலே ஏற்றும் வேகத்தைவிட, காற்று கீழே அமுக்கும் வேகம் அதிகமாக இருக்கலாம். முழு பவர் கொடுத்தும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, எதிர்காற்று. மணிக்கு 130 கி.மீ. போகும் விமானம் 50 கி.மீ. எதிர்காற்றில் தரையைப் பொறுத்தவரை 80-ல்தான் நகரும். கீழே நான்குவழிச் சாலையில் போகும் பஸ் முந்திவிடும். எரிபொருள் கணக்கு மொத்தமாக மாறும்.

மூன்றாவது, பார்வை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ், 10,000 அடிக்குக் கீழே 5 கி.மீ. தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். சாரல் நாளில் ஐந்தருவி வாகன நிறுத்தத்திலிருந்து மேலே மலை தெரிகிறதா என்று பாருங்கள். விடை கிடைத்துவிடும். மேகத்துக்குக் கீழே போகலாம் என்று தாழ்ந்தால், 500 அடி உயரத்தை எட்டும் காற்றாலை இறக்கைகள் காத்திருக்கும்.

நான்காவது, பலரும் எதிர்பார்க்காதது: பனிக்கட்டி. பழைய இன்ஜின்களில் கார்புரேட்டர் இருக்கும். அதற்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை சட்டென 20 டிகிரி வரைகூட இறங்கும். காற்று ஈரமாக இருந்தால், வெளியே குளுகுளு என்று 20 டிகிரி இருக்கும்போதே உள்ளே ஐஸ் கட்டும். இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். சூடான காற்றைத் திருப்பிவிடும் லீவர் உண்டு. சரியான நேரத்தில் இழுக்க வேண்டும். குளிக்க வருபவர் ‘ஆஹா’ என்று ரசிக்கும் அதே வானிலைதான் கார்புரேட்டருக்கு மோசமானது.

இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியதும், அதில் இருந்தவர்கள் உயிர் தப்பியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். சமவெளியில் ஒரு நெடுஞ்சாலையாவது கிடைத்தது. ஐந்தருவிக்கு மேற்கே கீழே இருப்பது காடும் பாறையும்தான்.

கணவாய்க் காற்று எப்படி இழுக்கும் என்பதற்கு இன்னொரு சமீபத்திய உதாரணம்: 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் விழாவில் பறந்த பலூன் ஒன்று கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு வயலில் போய் இறங்கியது. பலூனுக்குக் காற்றோடு போவதைத் தவிர வழியில்லை. குட்டி விமானத்துக்கு வழி உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஆக, அருவியில் தண்ணீர் கொட்டும்போது மேலே பறப்பது ஆபத்து. பறக்கத் தோதான பிப்ரவரி, மார்ச்சில் அருவி நூலாகத் தொங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, காற்று அடங்கிய ஜனவரிக் காலைகள் மட்டும் ஓரளவு சாத்தியம். அதுவும் மலையிலிருந்து விலகி, கிழக்குப் பக்கம் சமவெளிக்கு மேலே நின்று தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரிதான்.

நண்பர்களோடு போவதில் என்ன பிரச்சினை?

எடைக் கணக்கு ஒன்று. நாலு சீட் செஸ்னா 172-ல் ஆள், எரிபொருள், மூட்டை எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கிலோ ஏற்றலாம். டேங்க் நிரம்பினாலே 145 கிலோ பக்கம் போய்விடும். தலா 75 கிலோவில் நாலு பேர் ஏறினால் 300. கூட்டினால் கணக்கு தாண்டிவிட்டது. பார்டர் பரோட்டாவுக்கு முன்பே இந்த நிலை! ஒன்று ஓர் ஆள் இறங்க வேண்டும், இல்லை டேங்கைக் குறைக்க வேண்டும். நாலு சீட் இருப்பதால் நாலு பேர் போகலாம் என்று அர்த்தம் இல்லை.

இதைவிடப் பெரிய எடை, கண்ணுக்குத் தெரியாதது. சென்னையிலிருந்து நைட் பஸ் பிடித்து மூன்று நண்பர்கள் வந்திருக்கிறார்கள். லீவு போட்டாச்சு, காசு கட்டியாச்சு, இன்ஸ்டாவில் கவுன்ட்டவுனும் போட்டாச்சு. மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம். ‘மச்சி, போயிட்டு உடனே திரும்பிரலாம்டா’ என்கிறார்கள். கையில் 60 மணி நேர அனுபவம் மட்டுமே உள்ள பைலட் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! உலகம் முழுக்கச் சின்ன விமான விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: இயந்திரம் நன்றாக இருந்தது, முடிவுதான் தவறு.

கிளப் என்பதன் அருமை இங்கேதான் புரியும். கிளப் வெறும் விமானம் வாடகைக்கு விடும் இடம் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒரு மூத்த பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார். மலையைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, சாவியைக் கொடு. நாளைக்குப் பார்க்கலாம்’ என்பார். இந்த ஒரு வார்த்தையை யூடியூப் வீடியோ சொல்லாது.

அப்படியானால் என்ன வழி?

இப்போதைக்கு ஆசை தீர, பெங்களூரு ஜக்கூர் போன்ற இடங்களில் பயிற்றுநரோடு மைக்ரோலைட்டில் பறந்து பார்க்கலாம். பிடித்துப்போனால் பிபிஎல் பயிற்சிக்குச் சேரலாம். குற்றாலம் கடைசிப் பாடம், முதல் பாடம் அல்ல.

நீண்ட காலத்துக்குத் தேவை வேறு. புதிய பயிற்சி நிலையங்களுக்கு ஓடுதளம் கொடுக்கும்போது, வார இறுதியில் கிளப்புக்கும் சில மணி நேரம் ஒதுக்கச் சொல்லலாம். செலவைப் பங்குபோடும் விதியைத் தெளிவாக்கலாம். கூட்டாக விமானம் வைத்துக்கொள்வதை எளிதாக்கலாம். இவை பணக்காரர்களுக்கான சலுகைகளாகத் தோன்றலாம். ஆனால் பறப்பதற்கு ஒரே வழி பல லட்ச ரூபாய் கோர்ஸ் என்று இருக்கும்வரை, அது பணக்காரர்களுக்கானதாகவேதான் இருக்கும். பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த சீட் எட்டும்.

குற்றாலத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். தண்ணீர் வரத்து கூடி, மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ் விசில் அடிப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வெளியே வருவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்ற பிறகு, அந்த விசிலின் மதிப்பு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலைக்கு மேலே வானத்தில் விசில் அடிக்க ஆள் கிடையாது. அந்த விசிலைத் தரையிலேயே அடிக்கிற இடத்துக்குப் பெயர்தான் கிளப். விமானம் வாங்க ஆசைப்படும் முன், நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியது அதைத்தான்.